சுருள் கட்டு

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டதும் வேதா, கம்பி கோத்த தாள்களையும் கோணி ஊசியையும் பழைய பேப்பரில் சுருட்டி மேஜை டிராயருக்குள் தள்ளினாள். அவசரத்தில் ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

நூலகர் சுப்பிரமணி மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"மெட்ராஸ்லேர்ந்து நேரா இங்கதான் வந்திருக்காரு. உன் பேரைச் சொல்லித்தான் கேக்கறாரு. இதுல என்னை இழுத்து விட்டுடாத, கேட்டியா?"

வேதா அந்தத் திருவண்ணாமலைக் கிளை நூலகத்தில் தற்காலிக உதவியாளர். நாலு வருஷமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. புருஷன் இறந்துபோன பிறகு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மாமியாருக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் இந்த வேலைதான் சோறு போட்டது.

எல்லாம் ஒரு படிவத்தால் வந்தது. நூலக அட்டவணைக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுக்க 1960-ல் சென்னையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் சில ஆங்கிலச் சொற்களை ஒரு வரி ஆங்கிலக் குறிப்போடு அனுப்பி, தமிழ்ப் பெயரும் விளக்கமும் எழுதச் சொன்னார்கள். திருவண்ணாமலைக்கு வந்தவை புத்தகக் கட்டு வகைகள்.

துணிக் கட்டு, தோல் கட்டு, தையல் கட்டு எல்லாம் அவள் தினம் தொட்டுத் தூக்குபவை. கடைசியில் இருந்ததுதான் ஸ்பைரல் பைண்டிங். அப்படி ஒன்று அந்த நூலகத்தில் இல்லை. தேரடித் தெரு பைண்டரைக் கேட்டதற்கு, "கட்டில் ஸ்பிரிங்கா கேக்கறீங்க?" என்றார்.

படிவத்தின் அடியில் ஒரு கேள்வி: 'பொருளை நேரில் பார்த்ததுண்டா?' அதற்கும் கீழே பொடி எழுத்தில்: 'பொய்த் தகவல் தரும் பணியாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

"எல்லாத்துக்கும் ஆம்னு போட்டு அனுப்பும்மா. எவன் வந்து பாக்கப் போறான்?" என்று அன்றைக்குச் சொன்னவர் இதே சுப்பிரமணிதான்.

பார்க்க ஆள் வந்துவிட்டது. குழுவின் செயலாளர் இராமலிங்கம். தடித்த கண்ணாடி, இறுகிய முகம். கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை. ஃபைலைப் பிரித்தார். வேதாவின் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க சார்."

அவர் உரக்கப் படித்தார். "'சுருள் கட்டு: தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஒரே கம்பியைச் சுருளாக நுழைத்துக் கட்டுவது. முழுவதும் பின்பக்கம் மடங்கும். முதுகில் பெயர் எழுத இடமிராது.' கடைசி ரெண்டு வரி நாங்க அனுப்பின இங்கிலீஷ்ல இல்லையே. எந்தப் புஸ்தகத்துல எடுத்தீங்க?"

"எந்தப் புஸ்தகத்துலயும் எடுக்கலீங்க சார்."

"முதுகே இல்லன்னா நம்பர் சீட்டை எங்க ஒட்டுவீங்க?"

"முன் அட்டையில... இடது பக்கம் கீழ, சார்."

அதைக் குறித்துக்கொண்டார்.

"கம்பி கழண்டு வந்துடாதா?"

"ரெண்டு முனையையும் உள்பக்கமா மடக்கி விட்டுடணும் சார்."

அதையும் குறித்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுவது மாதிரி இருந்தது அவளுக்கு. சுப்பிரமணி ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ல பாத்ததா ஆம் போட்டிருக்கீங்க. எங்க பாத்தீங்க?"

வேதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளுக்கு இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் பேர் எழுதியிருந்தது.

"பாக்கலீங்க சார். பொய்யி." டிராயரை இழுத்து, உள்ளிருந்ததை அவர் முன்னால் வைத்தாள். அழுகையும் கூடவே வந்துவிட்டது. "பாக்காம எழுத மனசு கேக்கல. நீங்க அனுப்பின இங்கிலீஷ்ல இருந்த ஒரு வரியை வெச்சு, கட்டுக்கம்பியைப் பென்சில்ல சுத்தி, காலண்டர் தாள்ல கோணி ஊசியால ஓட்டை போட்டு, நானே ஒண்ணு செஞ்சேன். அதைப் பாத்துத்தான் எழுதினேன். கேட்டா காட்டலாம்னு இப்பதான் கம்பியைச் சரி பண்ணிட்டிருந்தேன். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க சார். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

இராமலிங்கம் அதைக் கையில் எடுத்தார். விரல்கள் முதுகைத் தேடிக் கம்பியில் தடுக்கின. ஒரு தாளைப் புரட்டினார். அது சுற்றிக்கொண்டு பின்னால் போனதும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். பிறகு மெதுவாக இன்னொரு தாளைப் புரட்டினார். இன்னொன்று. இன்னொன்று. மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"சார், எனக்கு இது எதுவுமே..." என்று சுப்பிரமணி ஆரம்பித்தார்.

"கதவைச் சாத்துங்க."

சுப்பிரமணி ஓடிப்போய்ச் சாத்தினார். வேதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது, அவள் எழுதிய விளக்கத்துக்குக் கீழே 'அப்படியே ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெளியில சொல்லிடாதீங்கம்மா. குழுவுல நாங்க பதினோரு பேரு. ஒருத்தரும் இதைக் கண்ணால பாத்ததில்ல."