எடுக்காத நாற்பத்தொரு எண்கள்

நகரப் பூங்காவுக்கு யார் யார் போகிறார்கள் என்று வீடுகளுக்குப் போன் போட்டு விசாரிப்பது அவள் வேலை. அறுநூறு எண்களில், எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "அங்கயா? நாங்க போறதே இல்லம்மா." பூங்கா வாட்ச்மேனின் நோட்டிலோ தினமும் நாற்பத்தொரு பேர்.

"போறவங்க வீட்ல இருந்தாத்தானே போனை எடுப்பாங்க?" என்றார் மேலாளர். "எடுக்கறவங்களையே கேட்டா கணக்கு உதைக்கத்தான் செய்யும்."

எடுக்காத எண்கள் சரியாக நாற்பத்தொன்று.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் பூங்காவுக்குப் போனாள். எல்லோரும் சலிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவருடன் சேர்ந்து நடந்தபடி அவர் வீட்டு எண்ணைக் கேட்டாள். அது எடுக்காத எண்களின் பட்டியலில் இருந்தது.

"பத்து நாளா விடாம அடிக்கிறேன், சார். ஒரு தடவையாவது எடுக்கக்கூடாதா?"

"அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குதும்மா. எடுக்கத்தான் முடியல."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'இதர காரணங்கள்' என்பதில் டிக் போட்டாள்.

வாசலில் வாட்ச்மேன் நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

ஆறு மணிக்கு அவள் பையில் போன் அடித்தது. அம்மா தினமும் கூப்பிடும் நேரம். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவள் அப்போது மூன்றாவது சுற்றில் இருந்தாள்.