இன்னொரு லினக்ஸ்

"இதுவும் சரியில்லை. உருவு!"

கூடத்திலிருந்து மாமனார் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த மாமியாருக்குப் பகீரென்றது.

கல்யாணமாகி வந்து நகத்து மருதாணிகூட அழியாத மருமகள். இந்த மனுஷன் படுத்துகிற பாட்டில், மகனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டால்?

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கிய உடம்பு.

அவருடைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டு வந்தால், அப்போதுதான் கொட்டாவி விட்டுக் கண் திறக்கும்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா மாமா? அதுல ரகம் ரகமா இருக்கு. எதையும் அழிக்க வேண்டாம், பென் டிரைவிலேருந்தே ஓடும். பிடிக்கலைன்னா உருவிட்டா பழசு அப்படியே இருக்கும்" என்று ஆரம்பித்தது மருமகள்தான்.

விரல் நீளப் பென் டிரைவ். செருகினாள், தட்டினாள். அம்மாடி! கிழட்டுக் கழுதை பந்தயக் குதிரையாகி நின்றது. மாமியாருக்குத் திறந்த வாயை மூடத் தோன்றவில்லை. உருவினாள், மறுபடி அதே கொட்டாவி. பெட்டி ஒன்று, உயிர் இரண்டு!

இவரோ, "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் வேறு ரகம். "சத்தமே வரலையே, ஊமையா இது?"

அதற்கடுத்த வாரம், "மவுஸ் அம்பு நொண்டுது."

இன்றைக்கு இன்னொன்று. அதற்குத்தான் இந்தக் கத்தல்.

மாமியார் அவரைப் படுக்கையறைக்கு இழுத்துப் போனாள். "ஏங்க, செஸ் ஆடறதுக்கு ராக்கெட்டா வேணும் உங்களுக்கு? ஆபீஸ்லேருந்து அலுத்து வர்ற பொண்ணு, பாவம்ங்க!"

அவர் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுடி. முதல்ல போட்டதே தங்கம்."

"பின்னே ஏன் இந்தக் கூத்து?"

"வந்த நாள்லேருந்து 'சரிங்க மாமா', 'சாப்பிட்டேன் அத்தை', இதைத் தவிர அவ வாயிலேருந்து ஏதாவது வந்துச்சா? அந்தப் பெட்டியில கை வெச்சா மட்டும் பாரு, என்ன பேச்சு, என்ன சிரிப்பு! நேத்து என்னையே 'நீங்க சும்மா இருங்க மாமா'ன்னு அதட்டினா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்னு வை, மறுபடி ரூமுக்குள்ள முடங்கிக்குவா."

இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டியும் இந்த மனுஷனைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று மலைத்துப்போனாள் மாமியார்.

காபியோடு மருமகளிடம் போனாள். அவள் அடுத்த பென் டிரைவைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"சலிச்சுக்காதம்மா. அவர் குணம் அப்படி, குறை சொல்லாம இருக்க மாட்டார்."

மருமகள் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. நான்தான் ஒவ்வொண்ணுலயும் வேணும்னே ஒரு குறையை விட்டுவைக்கிறேன். எல்லாம் சரியாயிட்டா, மாமா மறுபடி பேப்பருக்குப் பின்னாடி போயிடுவாரே... அப்புறம் என்கூட யார் பேசுவா?"