சுவருக்கு என்ன விலை

தரகர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். கால் கல்லில் போய் இடித்த மாதிரி நின்றது.

மிதித்ததுமே ஆசை வந்துவிட்டது. ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும். அதனால் வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"வண்டி சுமார்தான்."

சுமாரா? தரகரைவிட வயதில் மூத்த கார். பம்பரைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். கதவைச் சாத்தினால் நகைப்பெட்டி மூடுகிற சத்தம். கழற்றியது, தட்டியது, பூசியது, பூட்டியது எல்லாம் இந்த ஷெட்டுக்குள்ளேயே. செய்தவர் பெரியவர். கையைப் பழைய பனியன் துணியில் துடைத்தபடி, பெண் பார்க்க வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி தரகரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கென்னங்க ஆட்சேபணை? தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார்.

எடுத்துப் போவதில்தான் சிக்கல். ஷெட் கதவைத் திறந்தால் எதிரே ஒரு சுவர். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், கார் போகாது. சொத்துப் பிரித்தபோது ஷெட்டும் காரும் பெரியவருக்கு வந்தன. முன்பக்கத்து இடமும் தெருக்கதவும் அவருடைய தம்பி, சின்னவருக்குப் போயின. பிறகு ஏதோ வாய்த்தகராறு. சின்னவர் தன் எல்லையில் சுவரை எழுப்பிவிட்டார்.

"வாங்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வரேன்னு நான் போன் பண்ணின வாரம் பாத்து கட்டியிருக்கார் சார் எங்க சித்தப்பா," என்று பெரியவரின் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவனுடைய வருத்தம் நியாயமானது. கார் போனால்தான் அப்பா இந்த வீட்டைவிட்டு நகர்வார். வெளியூரில், தன் மாடி வீட்டில், அவருக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்திருந்தான். கட்டில், டிவி, குளிர்சாதனம், பிடித்துக்கொண்டு நடக்கக் குளியலறையில் கைப்பிடி. எல்லாம் இருந்தது. "இதை யார் தலையில கட்டிட்டு நான் வர்றது?" என்று காரைக் காட்டியே அப்பா நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"சுவர்தானே? அதை நான் பேசி முடிக்கறேன்," என்றார் தரகர். விலை இல்லாத பொருளை அவர் இதுவரை சந்தித்ததில்லை.

பெரியவர் திடீரென்று சுவரைப் பார்த்துக் கத்தினார். "அந்தப் பாவிகிட்டயா? அவன் மூஞ்சியில முழிச்சே வருஷமாச்சு!"

"பாவியாமில்ல! பாவி வீட்டுச் சுவரை எதுக்கு மொறைச்சுப் பாக்கணும்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது.

மகனைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டுத் தரகர் மட்டும் சின்னவரிடம் போனார்.

சின்னவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தரகர் ஒரு தொகை சொன்னார். பேப்பர் அசையவில்லை. ஏற்றிச் சொன்னார். ஒரு பக்கம் புரண்டது. வண்டி வெளியே போனதும் சுவரைத் தன் செலவிலேயே திரும்பக் கட்டித் தருவதாகவும், பெயிண்டுகூட அடித்துத் தருவதாகவும் சொன்னார்.

"முடியாதுங்க."

கொடுத்துப் படியாத இடத்தில் மட்டம் தட்டிப் பார்ப்பது தொழில் வழக்கம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஓட்டை வண்டிக்காக வேற எவன் இவ்வளவு தூரம் இறங்கி வருவான்? இப்பதான் மிதிச்சுப் பாத்தேன். பிரேக் பஞ்சு மாதிரி இறங்குது."

"பஞ்சா!" சின்னவர் எழுந்தேவிட்டார். பேப்பர் கீழே விழுந்தது. "யாருகிட்ட கதை விடுறீங்க? நாலு சக்கரத்து பிரேக்குலயும் காத்து எடுத்தாச்சு. நேத்து மிதிக்கறப்பகூட…"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தரகர் அவருடைய காலைப் பார்த்தார்.

பிரேக் பைப்பில் காற்று புகுந்திருந்தால்தான் மிதி பஞ்சாக இறங்கும். அந்தக் காற்றை எடுப்பது ஒற்றை ஆள் செய்கிற காரியமில்லை. ஒருவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு நட்டைத் திறந்து மூடவேண்டும். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து, கீழே இருப்பவர் மிதி என்றால் மிதிக்கவேண்டும், விடு என்றால் விடவேண்டும். ஒரு பேச்சு தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான். முகத்தில் முழிக்காதவர்கள் செய்கிற வேலையா அது?

"அப்ப இந்தச் சுவர்…" என்று இழுத்தார் தரகர்.

"நூல் பிடிச்சது எங்க அண்ணன். கலவை போட்டது நான்." சின்னவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பெத்த பிள்ளைகிட்ட வரமாட்டேன்னு சொல்ல அவருக்கு நாக்கு எழலை. சித்தப்பன் கெட்டவனா இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன? போங்க, போய்ச் சொல்லுங்க அவன்கிட்ட. இதை இடிச்சா இன்னும் ரெண்டு வரிசை சேத்துக் கட்டுவோம்."

தரகர் குனிந்து பேப்பரை எடுத்து, மடித்து, அவர் கையில் கொடுத்தார். நல்ல வியாபாரத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். இதில் கூட்டாளிகள் இரண்டே பேர். மூன்றாம் ஆளுக்குக் கமிஷன் கிடையாது.

"என்ன சார் ஆச்சு?" தெருவிலிருந்து மகன் குரல் கொடுத்தான்.

"மசியவே மாட்டேங்கறார். வேற வண்டி பாத்துக்கறேன், விடுங்க!"

சின்னவர் தரகரின் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "அண்ணனுக்கும் கேக்கணும்."