மிளகளவு

டாக்டர் பழைய ஸ்கேனையும் புதியதையும் திரையில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். மாசிலாமணியின் வலது நுரையீரலில் அன்று மிளகளவு இருந்த கட்டி இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"மூணு மாசத்துல மறுபடி எடுத்துப் பாக்கணும்னு அப்பவே சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷமா ஏன் வரல?"

மாசிலாமணி மகனைப் பார்த்தார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவைக் கேட்டு வந்தவன் கதிரேசன்தான். "வெறும் சளிதாம்ப்பா" என்று சொன்னான். அடுத்த வாரம் அவன் துபாய் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

கதிரேசன் இப்போது தலை நிமிரவில்லை.

"சொன்னாங்க டாக்டர். நான்தான் அலட்சியமா விட்டுட்டேன்" என்றார் மாசிலாமணி.

"இவ்வளவு வயசாகியும் பொறுப்பு இல்லையே" என்று டாக்டர் திட்டினார். மாசிலாமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க நாள் குறித்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் கதிரேசன் உடைந்து அழுதான். மாசிலாமணி தூணைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். அவனைத் தேற்ற அவர் கை எழவில்லை.

"உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டுத் திரும்புறப்ப, எனக்கு ஒண்ணுமில்லன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்டகூட சொல்லிச் சிரிச்சேன்டா" என்றார்.