பாசி வாரிய குளம்

மத்தியான வெயிலில் குளம் கண்ணைக் கூசவைக்கிறது. நாளைக்குப் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சுற்றுச்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். தண்ணீரில் ஒரு பாசி இல்லை, ஓர் ஆம்பல் இலை இல்லை. எல்லாம் கரையில் குவிந்து, மேல்பக்கம் காய்ந்து சுருள்கிறது. காய்ச்சல் கண்ட ஊர்க்கிணறுகளில் விடுவதற்காகக் கொசுப்புழு தின்னும் மீன்களை இங்கே வளர்க்கிற திரேசம்மை, முட்டளவுத் தண்ணீரில் குனிந்து நிற்கிறாள். அவள் காலடியில் சுண்டுவிரல் நீள மீனொன்று நடுங்கி நின்று, இமைமயிர் போல ஒரு குஞ்சை ஈனுகிறது. முட்டையிடாமல் குஞ்சு போடும் சாதி. ஒளிய இடம் தேடிக் குஞ்சு ஓடுகிறது. பெற்ற தாயே திரும்பி வந்து அதை விழுங்குகிறது.

“இப்பம்தான் குளம் குளமாட்டு இருக்கு” என்கிறார் ஓவர்சியர் மாதேவன்பிள்ளை, குடையைச் சுழற்றியபடி.

“பாசியை எதுக்கு வாரினிய? குஞ்சு எங்க போய் ஒளியும்?”

“அவரு போனப்பொறவு திருப்பிப் போட்டுக்கலாம் ஏட்டி.”

“அதுக்குள்ள எல்லாத்தையும் தின்னு தீத்திரும். தோவாளையில பிள்ளையளு காய்ச்சல்ல வெறச்சுக் கெடக்கு. அவியளுக்கு நான் எந்த மீனைக் குடுப்பேன்?”

“குளம் சுத்தமா இருக்கணும்னு உத்தரவு.”

திரேசம்மை கரையேறி, குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி பாசியை உருவுகிறாள். இழைக்கு இழை குஞ்சுகள் ஒட்டிச் செத்துக்கிடக்கின்றன. ஒன்றிரண்டு இன்னும் துடிக்கின்றன. அதை அப்படியே கொண்டுபோய் அவர் எதிரே, ஈரம் உலராத சுண்ணாம்புச் சுவரின் மேல் வைக்கிறாள்.

“இதுக்கும் வெள்ளையடிச்சிருங்க.”