பூவம்மாள் மனசில் ஒரு பெயர்

“நர்சம்மா, அந்த மருந்த மோந்தா மனசுல இருக்கறதெல்லாம் வாயில வந்துடுமாமே, மெய்யாலுமா?”

ஆபரேஷனுக்கு அழைத்துப்போக வந்த அம்சாவின் கையைப் பூவம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் கட்டி, அதை இன்றைக்கு எடுத்தாக வேண்டும். கத்திக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தால் மூடி வைத்ததையெல்லாம் வாய் உளறிக் கொட்டிவிடும் என்று அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளையார்பாளையத்து அம்மாள் காலையிலேயே கிளப்பிவிட்டிருந்தாள். அந்தப் புண்ணியவதிக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சில பேர் முனகுவார்கள், சில பேர் பாட்டுக்கூடப் பாடுவார்கள் என்று அம்சா சிரித்துக்கொண்டே சொன்னாள். பூவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மனசுல ஒரு பேரு இருக்குதும்மா. அது என் வாயில வந்தா பெரிய பாவம். தப்பித் தவறி வந்துட்டா உன்னோடயே இருக்கட்டும். அவரு காதுல மட்டும் போட்டுடாத.”

அவர் என்றால் புருஷன். பூவம்மாளை அவள் அண்ணன்தான் தன் பெயரைக் கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். புருஷன் ஐயம்பேட்டையிலிருந்து அன்று காலைதான் வந்து, வராந்தாவில் துண்டைப் பிசைந்தபடி நின்றிருந்தார். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் அம்சா. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்ற முடிந்தது.

கட்டி நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. இனி மயக்கம் தெளிய வேண்டும். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஈதரிலிருந்து யார் எப்படித் தெளிகிறார்கள், என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நர்சுகள் ஒன்று விடாமல் அவரிடம் சொல்ல வேண்டும். நோயாளியை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது என்பது அவர் கட்டளை. அம்சா ஒரு கையால் நாடியைப் பிடித்து, நாக்கு உள்ளே விழாதபடி மறு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூவம்மாளின் உதடு அசைந்தது.

“துரைக்கண்ணு...”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அப்புறம் நிறுத்தவே இல்லை. கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை, கெஞ்சுகிற மாதிரி ஒரு தடவை. எத்தனை காலம் அடக்கி வைத்த ஆசையோ, அந்தப் பெயரை வாயில் வைத்து உருட்டி உருட்டிச் சொன்னாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் அம்சாவின் கல்யாணம் எங்கேயோ நின்றுபோயிருந்தது. தன் பெயரை ஒருத்தர் இப்படி ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதுமே என்று ஏங்கினாள். யார் அந்தத் துரைக்கண்ணு? அத்தை பிள்ளையா, அடுத்த தெருவா? யாராயிருந்தாலும் கொடுத்து வைத்தவன்.

டாக்டர் வந்து கேட்டார். வெறுமனே முனகினாள் என்று சொன்னாள் அம்சா. வேலைக்கு வந்த நாளாக அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

வெளியே வந்து, உயிருக்கு ஒன்றும் பயமில்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். ஆனால் நகரவில்லை.

“ஏம்மா, மயக்கத்துல ஏதாச்சும் பேரு சொன்னாளா?”

அம்சாவுக்குத் திக்கென்றது. ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்தோமே, சரியான சந்தேகப் பிராணியாக அல்லவா இருக்கிறார்? ஒரு குடித்தனம் இப்போது தன் நாக்கில் தொங்குகிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

“ஒரு பேரும் சொல்லல.”

“நல்லா யோசிச்சுப் பாரும்மா.”

“பக்கத்துலயேதான் இருந்தேன். முனகிக்கினு இருந்தாங்க, அவ்ளோதான்.”

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். அது வாடிப்போய்விட்டது.

“கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து ‘என்னாங்க’, ‘இந்தாங்க’தாம்மா. அவ வாயால என் பேர ஒரு தடவ கேட்டுடணும்னு எனக்குக் கொள்ள ஆச. முழிச்சிக்கினு இருக்கும்போதுதான் சொல்ல மாட்டேன்றா, மயக்கத்துலயாச்சும் சொல்லியிருப்பாளான்னு பாத்தேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல வராந்தாவில் நடந்தார். அம்சாவுக்கு, இவ்வளவு ஆசையாக இருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு இவள் நெஞ்சில் இன்னொருத்தனா என்று பூவம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது.

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய ஊர்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“என்னா துரைக்கண்ணு, வூட்ல எப்படி இருக்குது?”

“பொழச்சிக்கினாபா” என்றார் பூவம்மாளின் புருஷன்.