கண்ணில் விழுந்த வெள்ளைப் புள்ளி

"டாக்டர், மன்னிக்கணும். முதல் பரிசை உங்களுக்குக் கொடுக்க முடியாத நிலைமை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் புகைப்படப் போட்டிச் செயலாளரம்மா போனில் இப்படிச் சொன்னதும் பல் டாக்டர் காபியைக் கீழே வைத்தார்.

"ஏன் மேடம்?"

"உதவிக்கு ஆள் இல்லாம, தனியா எடுத்த படம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆனா உங்ககூட ஒருத்தர் இருந்திருக்காங்க."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவர், ஏழாவது நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் குப்புறக் கிடப்பார். அரிசி அளவே இருக்கும் குதிக்கும் சிலந்திக்கு முன்னால் கேமராவை நீட்டி மூச்சை அடக்கினால், பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. பதினோரு வருஷமாக இந்தப் போட்டிக்குப் படம் அனுப்புகிறார். இப்போதுதான் முதல் பரிசு கைக்கு எட்டியிருக்கிறது.

"ஆள் வச்சு எடுக்கறவன் நான் இல்ல மேடம். வெயில் நேரா அடிச்சா சிலந்தி பளீர்னு வெளுத்துடும், படம் தேறாது. ஆனா நான் படுத்தா மட்டும் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்துடும். அது என் ராசி!"

"வீட்டுக்காரம்மா கூட வருவாங்களா?"

"அவளா? சிலந்தின்னாலே காத தூரம் ஓடுவா. என்னைத் தனியா விட பயந்து கூட வருவா, அதோட சரி. அந்தக் கோடியில பெஞ்சுல குடையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இத்தனை வருஷத்துல என் படம் ஒண்ணைக்கூட நின்னு பார்த்ததில்ல!"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

"கடைசிச் சுற்றுக்கு வந்த எல்லார்கிட்டயும் திருத்தாத படத்தைக் கேட்டோமே, நீங்களும் அனுப்பினீங்களே. அதுல சிலந்தியோட கண்ணைப் பெரிசாக்கிப் பாருங்க."

"பார்க்க என்ன இருக்கு? ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். எல்லாப் படத்துலயும் விழும். கம்ப்யூட்டர்ல அழிச்சுடுவேன்."

"அழிக்காம ஒரு தடவை பாருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே பெரிதாக்கினார். எட்டுக் கண்களில் முன்னால் இருந்த பெரிய கண் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னும் பெரிதாக்கினார்.

அந்தக் கண்ணுக்குள், கேமராவோடு தரையில் குப்புறக் கிடந்தது சாட்சாத் அவரேதான். புள்ளி, புள்ளி இல்லை. வெள்ளைக் குடை. அவருக்குப் பின்னால் நின்று, சிலந்தி வரைக்கும் அதை நீட்டிப் பிடித்திருந்தாள் ஒருத்தி. ஒரு கை குடையில், இன்னொரு கை வலிக்கிற இடுப்பில்.

போன வருஷத்தின் திருத்தாத படத்தைத் திறந்தார். குடை. அதற்கு முந்தின வருஷம். குடை. அவசர அவசரமாக முதல் வருஷத்துக்கே போனார். அங்கேயும்.

"யாருன்னு தெரியுதா டாக்டர்? வழியில போனவங்க யாராவது தற்செயலா நின்னிருந்தா சொல்லுங்க. அதை நாங்க கணக்குல எடுத்துக்க மாட்டோம்."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"என் மனைவி, மேடம். நான் தனியா எடுத்த படம்னு ஒண்ணுகூட இல்ல. பரிசை அடுத்தவருக்குக் கொடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார். வெட்கமாக இருந்தது.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா நீங்க திரும்பிப் பார்ப்பீங்க. நீங்க அசைஞ்சா அது குதிச்சு ஓடிடாதா?"